மூலையில் நின்ற கம்பம்

அவர் கடைக்குள் வந்தாலே எனக்கு அலுப்பு வரும். இன்றைக்கு நினைத்தாலும் முதலில் வருவது அந்த அலுப்புத்தான். வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பார். எங்கள் ஸ்ரூடியோவில் வேறு யாரும் செருப்புக் கழற்றியதில்லை. கால்விரல் இடுக்கில் காய்ந்த சேறு இருக்கும். சட்டைப் பையிலிருந்து லேஞ்சித் துணியால் சுற்றிய ஒரு பிலிம் சுருளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். "கழுவவா அண்ணன்?" என்று நான்தான் கேட்க வேண்டும். ஒருநாள் வேண்டுமென்றே கேட்காமல் விட்டுப் பார்த்தேன். பத்து மணிக்கு வந்தவர் பதினொன்றரை வரைக்கும் சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படங்களைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தோற்றது நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். மட்டக்களப்பு ரவுணில் மாமா வைத்திருந்த ஸ்ரூடியோவில் இருட்டறை என் பொறுப்பு. கல்லடியிலிருந்து பாலத்தால் நடந்து வந்து, யன்னல் இல்லாத அந்த அறைக்குள் புகுந்தால், வேர்வையும் மருந்து நாற்றமுமாய் மாலையில்தான் வெளியே வருவேன். மருந்துத் தண்ணீர் சூடேறாமல் இருக்க ஐஸ் கட்டி வாங்கித் தட்டைச் சுற்றி அடுக்க வேண்டும். கழுவுவது, காய வைப்பது, பெரிதாக்குவது, மணப்பெண்ணின் முகப்பருவைப் பென்சிலால் மறைப்பது எல்லாம் நான். படத்தின் பின்பக்கத்தில் குத்துகிற முத்திரையில் பெயர் மட்டும் மாமாவுடையது.

அவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் தண்ணீர் அளக்கிற வேலை பார்த்தார். வாவிக்குள் அங்கங்கே கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்பங்கள் நட்டிருந்தார்கள். தண்ணீர் எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று நாள்தோறும் போய்ப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அவருடைய கம்பங்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். மாரியில் வாவி பெருகினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா என்பதை அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வயல்காரர் வந்து, "வயல் வட்டையெல்லாம் தாழுது, ஒரு விரல் கூட்டி எழுதுங்க" என்பார்களாம். மீன்பிடிக்கிறவர்கள் வந்து, "வெட்டினா றாலெல்லாம் கடலுக்குப் போயிரும், ஒரு விரல் குறைச்சு எழுதுங்க" என்பார்களாம். இரண்டு பகுதிக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி நிக்கிற இடத்திலதான் நிக்கும்." அதனால் இரண்டு பகுதிக்கும் அவரைப் பிடிக்காது.

முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் வடிந்ததும் கரையோரம் சேறு வெளித்துவிடும். அந்தச் சேற்றுக்கு உள்ளான் வரும். கொக்கு, நாரை என்று பெரியதுகளுக்கெல்லாம் எங்கள் ஊரில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. குடுகுடுவென்று ஓடிச் சேற்றைக் கொத்தித் திரிகிற சின்னதுகள் எல்லாமே உள்ளான்தான். அந்தப் பெயரும் கறிச்சட்டிக்குள் விழுந்த பிறகுதான் ஞாபகம் வரும். அவர் அதுகளைத்தான் படம் எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற மண்நிறக் குருவியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாமா கேட்பார். "கொக்குத் தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கிற ஆள்" என்று அவருக்குப் பின்னால் சிரிப்பார்.

மாமா சிரித்ததிலும் நியாயம் இருந்தது. அவரிடம் இருந்தது ஒரு பழைய பெட்டிக் கமரா. கிட்டே இருப்பது எதுவும் அதில் தெளிவாய் விழாது. அதற்காகத் தன்னுடைய பழைய வாசிப்புக் கண்ணாடியில் ஒரு வில்லையைக் கழற்றி, கமராவின் கண்ணுக்கு முன்னால் பிளாஸ்ரர் போட்டு ஒட்டியிருந்தார். ஒட்டியதும், சரியாக ஒரு முழத்தில் இருப்பது மட்டும் தெளிவாய் விழும். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்த ஒரு முழத்தைக் கயிற்றால் அளந்து, அந்த இடத்தில் ஒரு சிப்பியை வைப்பார். கமராவைச் சேற்றில் வைத்து ஓட்டைப் பனையோலைக் கடகத்தால் மூடுவார். விசையில் மீன்பிடி நூலைக் கட்டி, நூலின் மறு நுனியோடு இருபது யார் தூரம் தள்ளிப் போய்ச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொள்வார். உள்ளான் தானாக நடந்து சிப்பிக்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்து ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அப்போது நூலை இழுப்பார்.

இழுத்தால் பிலிமைச் சுற்ற எழும்பிப் போக வேண்டும். எழும்பினால் எல்லாம் பறந்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு படம் என்று தனக்குத் தானே சட்டம் போட்டிருந்தார். அநேகமான நாட்களில் அதுவும் இல்லை. எட்டுப் படச் சுருள் முடிய மூன்று மாதம் ஆகும். நான் ஐஸ் கட்டிக்கு அலைந்து கழுவி எடுத்தால், ஐந்தில் வால் மட்டும் இருக்கும், இரண்டில் கலங்கலாய் ஏதோ ஓடும், ஒன்றில் நண்டு நூலை இழுத்துவிட்டிருக்கும்.

"ஒரு கல்லை எறிஞ்சு அந்தப் பக்கமா ஓட்டிவிட்டா என்ன அண்ணன்?" என்று ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டேன்.

"கலைச்சா நம்மளத்தான் பாக்கும். அது தன்ட வேலையப் பாக்கிறதத்தான் எடுக்கணும்."

"வராட்டி?"

"மறுகா வரும், தங்கச்சி."

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு, இன்னொரு தரம் என்று அர்த்தம். அவர் எதற்கும் அதையே சொல்வார். பஸ் போய்விட்டால் மறுகா வரும். மழை பிந்தினால் மறுகா வரும். மட்டக்களப்பில் வீடு பெண்ணின் பேரில்தான். கோபம் வந்தால் வெளியே போக வேண்டியது ஆண். அவர் மனைவி ஒருமுறை போகச் சொன்னபோது, களுவாஞ்சிக்குடியில் தமக்கை வீட்டில் போய் இருந்துகொண்டு, "சொல்லி அனுப்புவா, மறுகா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்தில் சொல்லி அனுப்பியதும் உண்மைதான். நேரே போய் ஒரு வார்த்தை கதைத்திருந்தால் ஒன்றரை நாளில் முடிந்திருக்கும் என்றார் மாமா. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவர் பொறுத்து ஆண்டது ஒரு முழச் சேறு.

ஒருதரம் மாமாவுக்குக் கடும் காய்ச்சல். அன்று ஒரு கலியாணம். வேறு ஆள் இல்லாமல் அவரைக் கெஞ்சி, ஸ்ரூடியோக் கமராவைக் கொடுத்து, துணைக்கு நானும் போனேன். மாப்பிள்ளை பெண்ணை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கத்துச் சொந்தமும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் விசையை அமத்தவில்லை. கமராவுக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கிறார். "என்ன ஐயா, கமராவுக்குள்ள ஏதும் பூந்திட்டா?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கத்தினார். நேரம் போய், எல்லோருக்கும் கால் கடுத்து, வரிசை குலைந்து, பெண்ணின் தங்கை அவள் காதில் எதையோ சொல்ல, பெண் பல்லெல்லாம் தெரிய வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் அமத்தினார். படத்தைப் பார்த்த பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கலியாணத்தன்று பல்லைக் காட்டுகிற பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார்கள். மாமா அவர்களைத் திரும்ப உடுத்தி வரச் சொல்லி, முகத்தை உம்மென்று வைத்த இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்து, சிரிக்கிற படத்தில் தனக்கு ஒன்று வேண்டும் என்று என்னிடம் மெதுவாய்க் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான், அவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க எனக்கும் ஒரு ஆசை வந்தது. ஒரு விடுமுறை நாளில் சித்தியின் மகளையும் கூட்டிக்கொண்டு துறையில் ஓடம் ஏறிப் படுவான்கரைக்குப் போனேன். அவருக்குப் பிடித்த கம்பம் ஒன்று இருந்தது. யாரோ தோணியால் முட்டி, தலை சிதைந்து, ஒரு பக்கம் சரிந்து நிற்கும். அதனடியில்தான் கடகமும் சிப்பியும். நாங்கள் இரண்டு பேரும் தில்லை மரத்தடியில் குந்தியிருந்தோம். மூன்று மணித்தியாலம். ஈ, வெயில், சேற்று நாற்றம். உள்ளான் நாலு தரம் சிப்பிக்குக் கிட்டே வந்து நாலு தரமும் விலகிப் போயிற்று. ஐந்தாம் தரம் வரும்போது ஒரு எருமை சேற்றுக்குள் இறங்கியது. அவர் எழும்பி, நெஞ்சில் அப்பிய சேற்றை வழித்துக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார். என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நொண்டியைப் பற்றி அவர் சொன்னது ஒரு மாசி மாதத்தில். அன்று வழக்கத்துக்கு மாறாகத் தானாகவே வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, ஒரு உள்ளானுக்கு இடக்கால்ல விரல் இல்ல. நொண்டி எண்டுதான் நான் அதச் சொல்றது. வலை நூல் சுத்தி அறுந்திருக்கும். போன வரிசமும் வந்தது, அதுக்கு முதல் வரிசமும் வந்தது. அதே கம்பத்தடி, அதே சேறு. வெயில் காலத்தில எங்கயோ போயிருது. மாரியோட திரும்பி வந்திருது."

"உள்ளான் எல்லாம் ஒரே மாதிரித்தானே. வேற ஒண்டா இரிக்கும்."

"அதுக்குத்தான் படம் வேணும். இந்த வரிசம் ஒண்டு, வாற வரிசம் ஒண்டு. ரெண்டயும் பக்கத்தில வச்சா, காலப் பாத்திட்டு ஆரும் இல்லெண்டு சொல்லேலாது."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு இரண்டு படம். ஒரு பிடிக்குள் அடங்குகிற குருவி, எங்கோ தொலைவுக்குப் போய்விட்டு, இவ்வளவு பெரிய வாவியில் அந்த ஒரு முழச் சேற்றைத் தேடிப் பிடித்து வருகிறது என்று அவர் ஒருவர்தான் கண்டிருந்தார். சொன்னால் சிரித்தார்கள். கந்தோரில் அவருக்கே நொண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பங்குனிக் கடைசியில் அவர் கொண்டு வந்த சுருளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிப்பிக்குப் பக்கத்தில் நொண்டி நின்றது. இடது கால் மொட்டைக் குச்சியாய்ச் சேற்றில் ஊன்றியிருந்தது. அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். பின்னால் சேறு முழுக்க மங்கலாய், புள்ளி புள்ளியாய் மற்றக் கூட்டம். வலது மூலையில் அந்தச் சரிந்த கம்பம்.

"யன்னல்ல வைக்கட்டா அண்ணன்?" என்று கேட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்க்க, நல்ல படங்களைக் கடையின் கண்ணாடி யன்னலில் வைப்பது வழக்கம்.

பிலிமை வாங்கி மூலைக்கு மூலை பார்த்தார். "வைங்க. ஆனா அந்தக் கம்பத்த வெட்டிப் போடுங்க, தங்கச்சி. இடம் தெரியப்படாது."

ஓம் என்றேன். இருட்டறைக்குள் போய்க் கம்பத்தை மறைத்து ஒரு படம் போட்டுப் பார்த்தேன். ஒரு குருவி, ஒரு சிப்பி, கொஞ்சம் சேறு. மாமா சொல்வது போலவே இருந்தது. கம்பத்தோடு இன்னொன்று போட்டேன். சரிந்த கம்பத்தைக் கண்ட பிறகுதான் நொண்டி எவ்வளவு சின்னது, தண்ணீர் எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குப் பட்டது. ஏழு வருடமாய் ஊரார் முகத்துப் பருவை மறைத்துக்கொண்டிருந்த எனக்கு, இது நான் செய்தது என்று சொல்ல ஒரு படம் கிடைத்திருந்தது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இடம் தெரியக் கூடாது என்பதெல்லாம், றால் பிடிக்கிறவர்கள் தங்கள் இடத்தை ஒளிக்கிற மாதிரி ஒரு அற்பப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அந்த வாரம் முழுக்கப் படுவான்கரையிலேயே நின்றார். வந்து பார்த்தால் அவருக்கும் பிடிக்கும் என்று, கம்பத்தோடேயே யன்னலில் வைத்தேன்.

மூன்றாம் நாள் கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. இறங்கியவர் அவருடைய கந்தோரின் பெரிய ஐயா; யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்கோடு வேட்டைக்குப் போகிற ஆள் என்று ரவுணில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இன்றைக்கும் என் மனம் ஆறாதது அதனால்தான்.

"உது எங்கட கம்பமெல்லோ? தோணி இடிச்சது. அங்க இவ்வளவு உள்ளான் நிக்குதோ?"

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று நான் சொன்னேன்: "ஓம் ஐயா, இப்ப ஆயிரக்கணக்கில நிக்கிதாம். அண்ணன் எடுத்த படம். நான்தான் பெரிசாக்கின." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு அவ்வளவு அவசரம்.

"நல்ல படம்" என்றார். அன்று முழுக்க என் கால் நிலத்தில் பாவவில்லை.

திங்கட்கிழமை அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கையில் சுருள் இல்லை. கழுவவா என்று கேட்க ஒன்றும் இல்லாததால் நான் சும்மா இருந்தேன். அவர்தான் பேசினார்.

"நேத்துப் பெரிய ஐயா வெடிக்கு வந்தாரு. சேத்துக்குள்ள வழி தெரியாதெண்டு என்னயும் கூட்டிப் போனாரு."

நான் யன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ளான் கூட்டமா நிண்டா ஒரு வெடிக்குப் பத்துப் பதினஞ்சு விழும். நான்தான் பொறுக்கின. நொண்டியும் அதுக்குள்ள கிடந்தது."

அவர் அழவில்லை. குரலும் ஏறவில்லை. பல நாள் நித்திரை இல்லாத ஆள் மாதிரி இருந்தார். வெளியே போய் யன்னலுக்கு முன்னால் நின்றார். நான் மேசைக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். நொண்டியை அவர் பார்க்கவில்லை, வலது மூலையைத்தான் பார்த்தார். திரும்பி உள்ளே வந்து, "படம் நல்லா விழுந்திரிக்கி, தங்கச்சி" என்றார்.

"அண்ணன், அந்தக் கம்பம் வந்து..."

"விடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஏசியிருக்கலாம். யன்னல் கண்ணாடியை உடைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அன்றே படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போகும்போது கல்லடிப் பாலம் இரண்டு மடங்கு நீண்டு கிடந்த மாதிரி இருந்தது.

ஒன்றரை வருடம் அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, லேஞ்சியை அவிழ்த்து, ஒரு சுருளை வைத்தார். இந்த முறை நான் உடனே கேட்டேன். கழுவினேன். எட்டிலும் உள்ளான் இருந்தது, எட்டும் தெளிவு. ஆனால் கமராவைக் கீழ்நோக்கிச் சரித்து வைத்திருந்தார். வானம் இல்லை, மரம் இல்லை, கரை இல்லை. சிப்பியைக்கூட எடுத்துவிட்டு ஏதோ ஈர்க்குத் துண்டை வைத்திருந்தார். எந்த வாவி, எந்த ஊர் என்று தெய்வம் இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. நான் வெட்டுவதற்கு அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"நொண்டி மாதிரி இன்னொண்டு கம்பத்தடிக்கு வருமா, அண்ணன்?" என்று கேட்டேன். அவர் வாயால் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"தெரியாது, தங்கச்சி" என்றார்.

அதன் பிறகு அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ் போய்விட்டால் நடந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. மாமா இறந்து, கடை என் கைக்கு வந்திருந்தது. இருட்டறையும் நான், கமராவும் நான். வெளியிலிருந்து பிலிம் வருவது அருகிப்போன காலம். ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான் அமத்துவேன். மாளிகைப் படியும் பூந்தொட்டியும் வரைந்த பழைய திரையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டியிருந்தேன். வாசல் தாண்டித் தெரு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. அடுத்த ஆள் என்று கூப்பிட்டேன். வாசலில் ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் மடங்காமல் நடந்து வந்தார்.

"இப்பயும் போறீங்களா அண்ணன், சேத்துக்கு?"

"படுத்தா எழும்பேலாது, தங்கச்சி. கமரா வீட்ட கிடக்கு."

கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை. சீலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பின்னால ஒண்டும் விழாதுதானே?"

"இல்ல அண்ணன். வெறும் வெள்ளச் சீலதான். உங்கட முகத்தத் தவிர ஒண்டும் விழாது."

தலையை ஆட்டினார். ஆனால் என் சொல்லை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, முழங்காலை இழுத்துக்கொண்டு கதிரையைச் சுற்றிப் போனார். சீலையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கையால் தடவிப் பார்த்தார். வலது மூலையில் கை கொஞ்ச நேரம் நின்றது. அதன் பிறகுதான் வந்து இருந்தார்.

பன்னிரண்டு வருடமாய் நான் எதிர்பார்த்திருந்த ஏச்சு அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அமத்தினேன்.